கையில் செல்போன், வயலில் புகையான்!

தாம்பரம் வட்டார விவசாயிக்கு நல்ல யோசனை போய்ச் சேராதது ஏன்?

புகையான் என்பது ஒரு சின்னஞ்சிறு பூச்சி. ஓர் அரிசி அளவு கூட இராது. நெற்பயிரின் அடித்தண்டில், தண்ணீருக்குச் சற்று மேலே, கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கொள்ளும். சாற்றை உறிஞ்சும். வரப்பில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. பயிர் பச்சைப் பசேல் என்று நிற்கும். பிறகு ஒருநாள் வயலின் நடுவே ஒரு பாய் அளவுக்குப் பயிர் மஞ்சளாகும். அந்த வட்டம் பெரிதாகும். பக்கத்தில் இன்னொரு வட்டம் தோன்றும். கடைசியில் வயலே புகை பட்டது போல் கருகி நிற்கும். அதனால்தான் அந்தப் பூச்சிக்கு அப்படி ஒரு பெயர்.

வட்டம் தெரிந்த பிறகு விவசாயிக்கு அவகாசம் அதிகம் இல்லை. ஒரு வாரம் அசந்தால் நாலு மாத உழைப்பு போய்விடும்.

தாம்பரத்தில் இருந்து மேற்கே முடிச்சூரைத் தாண்டிப் போனால் மணிமங்கலம் வரும். பல்லவ மன்னன் நரசிம்மவர்மன், சாளுக்கிய மன்னன் புலிகேசியை முறியடித்த போர்க்களங்களில் இந்த ஊரும் ஒன்று. அங்கே பெரிய ஏரி இருக்கிறது. அதன் பாசனத்தில் நெல் விளைகிறது. ஒரு பக்கம் வீட்டு மனைகள் வந்துகொண்டே இருக்கின்றன. மறு பக்கம் நாற்று நடுகிறார்கள்.

அந்த ஏரிக்குக் கீழே ஒரு காணியில் சம்பா நட்டிருக்கும் ஒரு விவசாயியை மனதில் நினைத்துக் கொள்ளுங்கள். பயிர் கதிர் விடும் பருவம். காலையில் வரப்பில் நின்று பார்க்கிறார். நடு வயலில் மஞ்சள் வட்டம். நெஞ்சு பகீர் என்கிறது. அவருடைய சட்டைப் பையில் செல்போன் இருக்கிறது.

அந்த செல்போனுக்குள் என்னென்ன இருக்கின்றன தெரியுமா?

"உழவன்" என்ற செயலி இருக்கிறது. 2018-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் தமிழக சர்க்கார் அதை வெளியிட்டது. விதை இருப்பு, உர இருப்பு, மானியம், பயிர்க் காப்பீடு, சந்தை விலை, மழை நிலவரம் எல்லாம் அதில் தெரியும். "மேகதூத்" என்று இன்னொன்று. அது 2019-ம் ஆண்டு வந்தது. வானிலை ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லும் மழைச் செய்தியையும், அதற்கேற்ற பயிர் யோசனையையும் செவ்வாய், வெள்ளி தோறும் அதில் பார்க்கலாம். 1800-180-1551 என்ற நம்பருக்குப் போன் செய்தால், காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை விவசாயப் படிப்புப் படித்தவர் தமிழிலேயே பதில் சொல்வார். அதற்குக் காசு கிடையாது. அது 2004-ம் ஆண்டு ஜனவரி 21-ந்தேதி தொடங்கியது. பூச்சியைப் படம் பிடித்து அனுப்பினால் யந்திர மூளை அடையாளம் சொல்லும் ஏற்பாட்டை மத்திய சர்க்கார் 2024-ம் ஆண்டு சுதந்திர தினத்தன்று தொடங்கியது.

அடேயப்பா! ஒரு மிராசுதாரருக்குக் கூட அந்தக் காலத்தில் இத்தனை ஆலோசகர்கள் கிடையாது.

ஆனால் அந்த விவசாயி என்ன செய்கிறார்? வண்டியை எடுத்துக்கொண்டு பூச்சி மருந்துக் கடைக்குப் போகிறார்.

"பயிரு மஞ்சளா இருக்குதுண்ணே. ஏதாச்சும் நல்ல மருந்தா குடுங்க."

கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்து வைக்கிறார். "பணம் அறுவடைக்கு அப்புறம் குடு" என்கிறார். கதை அத்தோடு முடிந்தால் நல்லது. ஆனால் சில மருந்துகள் புகையானைத் தின்னும் சிலந்தியைக் கொன்றுவிடும். காவல்காரன் செத்த வீட்டில் திருடனுக்குக் கேட்கவா வேண்டும்! புகையான் முன்பை விட அதிகமாகப் பெருகும். மருந்துக் கடன் ஒரு பக்கம், பயிர் நஷ்டம் ஒரு பக்கம்.

"படிப்பு இல்லை. அதனால் வந்த வினை" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். பட்டணத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது நியாயம் அல்ல. அந்த விவசாயி செல்போனைத் தொடாமல் கடைக்குப் போனதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றும் யோசிக்க வேண்டிய காரணம்.

கடைக்காரரின் பலம்

2003-ம் ஆண்டு மத்திய சர்க்கார் நாடு முழுவதும் விவசாயக் குடும்பங்களில் ஒரு கணக்கு எடுத்தது. புது முறைகளைப் பற்றி உங்களுக்கு யார் சொல்கிறார்கள் என்று கேட்டார்கள். நூற்றுக்கு 60 குடும்பங்கள், "யாரும் சொல்வதில்லை" என்றன. யோசனை கிடைத்தவர்களிலும் அதிகம் பேர் குறிப்பிட்டது, நன்றாக விவசாயம் செய்யும் பக்கத்து விவசாயியை. உரக்கடை, மருந்துக் கடைக்காரரைச் சொன்னவர்கள் நூற்றுக்கு 13 பேர். சர்க்காரின் விவசாய ஊழியரைச் சொன்னவர்கள் 6 பேர் கூட இல்லை.

பத்து ஆண்டு கழித்து, 2013-ல் எடுத்த கணக்கிலும் யோசனை கிடைக்காத குடும்பங்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 59. அந்தப் பத்து ஆண்டில் செல்போன் மூலை முடுக்கெல்லாம் போய்விட்டது. யோசனை அசையவில்லை!

கடைக்காரரிடம் என்ன இருக்கிறது? அவர் கடன் தருகிறார். விவசாயியின் தகப்பனார் பெயர் தெரியும். எந்த மதகுப் பாசனம் என்று தெரியும். நேற்று பக்கத்து வயல்காரர் என்ன மருந்து வாங்கினார் என்று தெரியும். தப்பாகப் போனால் மறுநாள் அவர் முகத்துக்கு நேரே நின்று கேட்கலாம். செல்போனைக் கேட்க முடியுமா?

கடைக்காரருக்கு வியாபாரம் உண்டு என்பது விவசாயிக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் போகிறார். அவரை விட்டால் உடனே பதில் சொல்ல ஆள் இல்லை.

ரேடியோ நெல்

யந்திரத்தின் பேச்சை விவசாயி கேட்கவே மாட்டார் என்று நினைத்துவிடக் கூடாது. கேட்ட கதை தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு புது ரகத்தைக் கண்டுபிடித்தார்கள். ஜப்பான் நாட்டு நெல்லையும் நம் ஊர் நெல்லையும் சேர்த்து உண்டாக்கிய ரகம். ஏ.டி.டி. 27 என்று பெயர் வைத்தார்கள். குறுவைப் பட்டத்துக்கு ஏற்றது. 1966-ம் ஆண்டு வாக்கில் திருச்சி ரேடியோ நிலையம் அந்த நெல்லைப் பற்றி விடாமல் சொல்லி வந்தது. எப்படி விதைப்பது, எப்போது உரம் போடுவது என்று விவசாயிகளுக்குப் புரியும் தமிழில் சொன்னார்கள். தஞ்சாவூர் ஜில்லா முழுவதும் அந்த நெல் பரவியது. விதை கேட்டுப் போன விவசாயிகள் ஏ.டி.டி. 27 என்று கேட்கவில்லை. "ரேடியோ நெல் குடுங்க" என்றார்கள்! அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

ரேடியோ மட்டும் தனியாக அந்தக் காரியத்தைச் சாதிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தஞ்சையில் 1960-ம் ஆண்டு முதல் தீவிர விவசாயத் திட்டம் நடந்து வந்தது. ரேடியோ சொன்ன விதை கையில் கிடைத்தது. உரம் கிடைத்தது. கூட்டுறவுக் கடன் கிடைத்தது. சந்தேகம் கேட்க ஊழியர் ஊருக்கு வந்தார். ரேடியோ சொன்னதும் ஒரே ஒரு செய்திதான்: இந்த நெல்லைப் போடுங்கள். அது எல்லா வயலுக்கும் பொருந்தும் செய்தி. மணிமங்கலத்தில் ஒரு காணியில் விழுந்த மஞ்சள் வட்டம் அப்படிப்பட்டதல்ல. அது என்ன வட்டம் என்று முதலில் பார்க்க வேண்டும்.

படம் போதுமா?

நெற்பயிர் மஞ்சளாவதற்குக் காரணம் ஒன்று அல்ல. தழைச்சத்துக் குறைந்தால் மஞ்சளாகும். துத்தநாகச் சத்துக் குறைந்தால் துரு நிறத்தில் புள்ளி விழும். பாக்டீரியா நோய் வந்தால் இலை ஓரம் காயும். புகையான் விழுந்தாலும் மஞ்சள்தான்.

வரப்பில் நின்று மேலாகப் படம் எடுத்தால் மஞ்சள் இலைதான் விழும். பூச்சியோ கீழே, தூரில் இருக்கிறது. வயலில் இறங்கி, தூரை இரண்டு கையாலும் விலக்கி, குனிந்து பார்த்தால்தான் தெரியும். இரண்டு கையும் பயிரில் இருந்தால் படம் எடுப்பது யார்? சேற்றுக் கையோடு போனைத் தொட முடியுமா? சிரிப்பாக இருக்கலாம். ஆனால் யந்திர மூளை தடுமாறுவது இப்படிப்பட்ட சின்ன விஷயத்தில்தான்.

தழைச்சத்துக் குறைவு என்று தப்பாக நினைத்து யூரியா போட்டுவிட்டால் ஆபத்து. யூரியா அதிகமானால் பயிர் மெதுவாகும். புகையானுக்கு விருந்து வைத்த மாதிரி! உண்மையில் முதலில் செய்ய வேண்டியது தண்ணீரை வடிப்பது. அடித்தண்டில் வெயிலும் காற்றும் பட வேண்டும். நடும்போதே 8 அடிக்கு ஒரு அடி இடைவெளி விட்டு நட்டிருந்தால் பாதித் தொல்லை குறைந்திருக்கும். இதை "பட்டம் விட்டு நடுவது" என்பார்கள். இதற்குச் செலவு கிடையாது. கடையில் விற்கும் சரக்கும் அல்ல.

காணியா, எக்டேரா?

செல்போனில் வருகிற தமிழ் ஒரு தனித் தமிழ். "புகையான்" என்று எழுதாமல் "பழுப்புத் தத்துப்பூச்சி" என்று எழுதுவார்கள். செங்கற்பட்டுச் சீமையில் பட்டங்களுக்குப் பெயர் சொர்ணவாரி, சம்பா, நவரை. வட நாட்டில் இருந்து மொழிபெயர்த்து வருகிற செய்தியிலோ "காரீப்", "ராபி" என்று இருக்கும். காரீப் என்றால் சொர்ணவாரியா, சம்பாவா? இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம்!

அளவு இன்னும் மோசம். "ஒரு எக்டேருக்கு 500 மில்லி மருந்தை 500 லிட்டர் தண்ணீரில் கலந்து தெளிக்கவும்" என்று ஒரு செய்தி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எக்டேர் என்பது 247 சென்ட். ஒரு காணி என்பது 132 சென்ட். தமிழ்நாட்டில் சராசரி விவசாயியிடம் ஒரு எக்டேர் நிலமே கிடையாது. 2015-16 கணக்குப்படி சராசரி முக்கால் எக்டேர்தான். ஒரு காணி வைத்திருப்பவர் எத்தனை மில்லி ஊற்ற வேண்டும்? எத்தனை டேங்க் அடிக்க வேண்டும்? வயல் வரப்பில் நின்றுகொண்டு 500-ஐ 132-ஆல் பெருக்கி 247-ஆல் வகுக்க வேண்டும். பட்டதாரிக்கே பேப்பரும் பென்சிலும் தேவைப்படும்.

அதையே, "10 லிட்டர் டேங்குக்கு 10 மில்லி, ஒரு காணிக்கு 27 டேங்க்" என்று எழுதினால் தீர்ந்தது. கணக்கு ஒன்றேதான். எழுதுகிறவர் ஒரு முறை போட வேண்டிய கணக்கை ஆயிரக்கணக்கான விவசாயிகள் தலையில் கட்டுவது என்ன நியாயம்? கடைக்காரர், "ஒரு டேங்குக்கு ஒரு மூடி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார். மூடிக்கு மூடி அளவு மாறும் என்பது வேறு விஷயம்.

தரமணியில் ஒரு முயற்சி

தென்சென்னையில் தரமணியில் ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. விவசாய விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் 1988-ம் ஆண்டு தொடங்கியது. அந்த நிலையத்தார் 1998-ம் ஆண்டு புதுச்சேரிக் கிராமங்களில் ஒரு காரியம் செய்தார்கள். அப்போது கிராமத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்தவர்களே குறைவு.

வில்லியனூரில் ஒரு தலைமை இடம். அதைச் சுற்றி சில கிராமங்களில் "அறிவு மையம்". ஊரார் இடம் தர வேண்டும். எந்த ஜாதியாரும் உள்ளே வரலாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அது நிபந்தனை. மையத்தை நடத்துவது உள்ளூர்க்காரர்கள். அவர்களில் பலர் பெண்கள்.

வீராம்பட்டினம் மீனவர் ஊர். கட்டுமரக்காரருக்கு நெல் விலை எதற்கு? நாளைக்கு அலை எவ்வளவு உயரம் எழும் என்பது வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக் கடலின் அலை நிலவரம் இருந்தது. அதை எடுத்து, தமிழில் எழுதி, கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னார்கள். மீனவர் யாரும் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. வலையைச் சரி செய்துகொண்டே காதால் கேட்டார்கள்.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி சுனாமி வந்தது. பக்கத்தில் நல்லவாடு என்ற மீனவர் ஊர். அந்த ஊர்ப் பையன் ஒருவன் சிங்கப்பூரில் வேலை பார்த்து வந்தான். செய்தி அறிந்து வீட்டுக்குப் போன் செய்தான். ஊர் மையத்தில் இருந்த ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். எல்லோரும் கடற்கரையை விட்டு ஓடினார்கள். வீடுகள் போயின. படகுகள் போயின. ஊர் மக்கள் பிழைத்தார்கள்.

அன்று ஓடியது பெரிய யந்திரம் அல்ல. ஒரு டெலிபோன், ஒரு ஒலிபெருக்கி. நடுவே செய்தியை வாங்கி, நம் பேச்சில் திருப்பிச் சொல்ல ஒரு ஆள். இப்போதைய செயலிகளில் மற்ற எல்லாம் இருக்கின்றன. அந்த நடு ஆள்தான் இல்லை.

உண்மையில் அந்த நடு ஆளைக் குறைத்தும் இருக்கிறார்கள். நாட்டில் 199 ஜில்லாக்களில் விவசாய வானிலை அலுவலகங்கள் இருந்தன. "இன்ன நாளில் மழை; ஆகையால் மருந்து அடிக்காதே, உரம் போடாதே" என்று உள்ளூர் மொழியில் எழுதி அனுப்புவது அவர்கள் வேலை. 2024-ம் ஆண்டு தொடக்கத்தில் அந்த அலுவலகங்களை மூடினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் மழை நிலவரம் சொல்லும் ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். இது நல்ல ஏற்பாடுதான். தாம்பரத்தில் கொட்டும் மழை படப்பையில் தூறாமல் போவது உண்டே! ஆனால் மழை வருமா என்பது ஒரு கேள்வி. மழை வந்தால் என் பயிருக்கு என்ன செய்வது என்பது வேறு கேள்வி.

விலை தெரிந்தால் போதுமா?

செல்போன் விவசாயிக்கு லாபம் தரும் என்பதற்கு எல்லோரும் ஒரு கதை சொல்வார்கள். அது கேரளக் கதை.

1997-ம் ஆண்டு ஜனவரி 14-ந்தேதி. வடகரைக் கடற்கரையில் 11 மீனவர்கள் மத்தி மீனை வாங்க ஆள் இல்லாமல் கடலில் கொட்டப் பார்த்தார்கள். அதே நேரத்தில் 15 கிலோ மீட்டருக்குள் இருந்த கடற்கரைகளில் 27 வியாபாரிகள் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்ப நின்றார்கள்! ராபர்ட் ஜென்சன் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் இதைக் கணக்கெடுத்தார். பிறகு அங்கே செல்போன் வந்தது. நடுக்கடலில் இருந்தே எந்தக் கரையில் விலை அதிகம் என்று கேட்டுப் படகைத் திருப்பினார்கள். மீனவர் லாபம் நூற்றுக்கு 8 பங்கு கூடியது. வாங்குவோருக்கு விலை 4 பங்கு குறைந்தது. இரு தரப்புக்கும் நன்மை!

இந்தக் கதையைக் கேட்டவர்கள் விவசாயிக்கும் அப்படியே நடக்கும் என்று எதிர்பார்த்தார்கள். மகாராஷ்டிரத்தில் 100 கிராமங்களில் சோதித்துப் பார்த்தார்கள். போனில் விலைச் செய்தி அனுப்பினார்கள். ஆராய்ச்சி முடிவு 2012-ல் வந்தது. விவசாயிக்குக் கிடைத்த விலையில் குறிப்பிடும்படியான மாற்றம் எதுவும் இல்லை.

ஏன்? படகைத் திருப்பலாம். கீரைக் கட்டைத் திருப்ப முடியாது. தாம்பரம் பக்கத்தில் கீரை போடுகிறவர் விடியற்காலையில் பறிக்கிறார். வெயில் ஏறுவதற்குள் விற்றாக வேண்டும். கோயம்பேட்டில் இரண்டு ரூபாய் அதிகம் என்று போன் சொன்னால் என்ன பயன்? வண்டிச் சத்தம் கொடுத்துப் போய்த் திரும்பினால் அந்த இரண்டு ரூபாய் வழியிலேயே போய்விடும். வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால் வேறு ஆளுக்கு விற்கவும் முடியாது. தகவல் என்பது போவதற்கு வழி உள்ளவனுக்குத்தான் காசு.

போன் யார் கையில்?

நாற்று நடுவது பெண்கள். களை எடுப்பதும் பெண்கள். தூரில் பூச்சி இருந்தால் முதலில் கண்ணில் படுவது அவர்களுக்குத்தான். ஆனால் வீட்டில் ஒரே ஒரு நல்ல போன் இருந்தால் அது யாரிடம் இருக்கும்? கணவர் அதை எடுத்துக்கொண்டு ஒரகடம் தொழிற்சாலைக்கோ, மறைமலைநகருக்கோ வேலைக்குப் போய்விடுவார். வயல் யோசனை அவர் சட்டைப் பையில் கிடந்து ஒலிக்கும்.

2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் எடுத்த குடும்பநலக் கணக்கில் இது தெரிகிறது. நாட்டுக் கிராமங்களில் ஒரு முறையாவது இணையத்தை உபயோகித்த பெண்கள் நூற்றுக்கு 25 பேர் கூட இல்லை. ஆண்கள் 49 பேர். தமிழ்நாட்டில் நிலைமை இதைவிட மேல். ஆனாலும் வித்தியாசம் இங்கும் உண்டு.

போன் கையில் இருக்கிறவருக்கும் பயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்கும் காரணம் உண்டு. 2020-ம் ஆண்டு பிரதமர் விவசாயி நிதித் திட்டத்தில் தமிழ்நாட்டில் பெரிய மோசடி வெளியானது. விவசாயிகள் அல்லாத லட்சக்கணக்கானவர்களைக் கம்ப்யூட்டரில் திருட்டுத்தனமாகச் சேர்த்திருந்தார்கள். போன பணம் சுமார் 110 கோடி ரூபாய்! பிறகு அதே திட்டத்தின் பெயரால் போலிச் செயலிகள் வாட்ஸ்அப்பில் வந்தன. தொட்டால் பாங்க் பணம் போய்விடும் என்று போலீசார் எச்சரித்தார்கள். (அப்படிப் பணம் போனால் உடனே 1930 என்ற நம்பருக்குச் சொல்ல வேண்டும்.) ஒரு கையால் "செயலியை இறக்குங்கள்" என்கிறார்கள். மறு கையால் "எதையும் தொடாதீர்கள்" என்கிறார்கள். பாவம், விவசாயி என்ன செய்வார்?

வெள்ளம் வந்தால் இன்னொரு கஷ்டம். 2023-ம் ஆண்டு டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் மழையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மிதந்தன. சென்னையிலும் புறநகரிலும் பல இடங்களில் கரண்ட் இல்லை. செல்போன் டவரும் வேலை செய்யவில்லை. யோசனை மிகவும் தேவைப்பட்ட நாளில் போன் ஊமையானது.

பட்டா இல்லாத விவசாயி

எல்லாவற்றிலும் பெரிய தடை போனுக்கு வெளியே இருக்கிறது.

தாம்பரம் 2021-ம் ஆண்டு நவம்பர் மாதம் மாநகராட்சி ஆனது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் அதில் சேர்ந்தன. அதற்கு வெகு நாள் முன்பிருந்தே சுற்றுப்புற நிலங்கள் கைமாறி வருகின்றன. நிலத்துக்குச் சொந்தக்காரர் மாம்பலத்தில் இருப்பார். அல்லது அமெரிக்காவில் இருப்பார். விலை ஏறட்டும் என்று போட்டு வைத்திருப்பார். அதில் உள்ளூர்க்காரர் ஒருவர் குத்தகைக்கோ வாரத்துக்கோ பயிர் செய்வார். எழுத்தில் ஒன்றும் இராது. எல்லாம் வாய்ப்பேச்சு.

2025-ம் ஆண்டு முதல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்கிறார்கள். ஆதார், பட்டா, செல்போன் மூன்றையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் எண். பட்டாக்காரர் வயலில் கால் வைத்துப் பல ஆண்டு ஆகியிருக்கலாம். சேற்றில் நிற்பவர் கணக்கில் இல்லை. பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும் குடும்பங்களுக்கும் இதே கதிதான். ஆதாரோடு சேர்த்த பழைய போன் நம்பர் போய்விட்டால், ரகசிய எண் யாரோ ஒருவருக்குப் போகும்.

குத்தகைக்காரர் பெயரைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1969-ம் ஆண்டே சட்டம் வந்தது. எழுதக் கேட்டால் அடுத்த ஆண்டு நிலம் கிடைக்காது. அதனால் கேட்கவே பயப்படுகிறவர்கள் உண்டு. இனி மானியமும் இழப்பீடும் யோசனையும் அந்த எண்ணைத் தொட்டே போகுமானால், புகையான் விழுந்த பயிர் ஒருவருடையதாகவும், நஷ்டஈடு இன்னொருவருடையதாகவும் ஆகும். எந்தச் செயலியாலும் இதைச் சரி செய்ய முடியாது. தாலுகா ஆபீசில்தான் சரி செய்ய முடியும்.

இப்போது என்ன வழி?

அதிகாரிகள் கிராமத்துக்கே போக வேண்டும் என்று 2025-ம் ஆண்டு மே மாதம் "உழவரைத் தேடி" என்ற திட்டத்தைத் தமிழக சர்க்கார் தொடங்கியது. செயலி வந்து ஏழு ஆண்டு கழித்து, ஆள் போனால்தான் காரியம் ஆகும் என்று உணர்ந்தது போல இருக்கிறது.

தாம்பரம் பக்கத்து விவசாயிகளுக்கு இன்னொரு வசதி உண்டு. ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போனால் காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் அதை நடத்துகிறது. காய்ந்த இலையை மட்டும் எடுத்துப் போனால் போதாது. அந்த வட்டத்தின் ஓரத்தில் இருந்து, தூரோடு ஒரு குத்துப் பயிரைப் பிடுங்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போக வேண்டும்.

போனில்தான் கேட்க முடியும் என்றால் 1800-180-1551 இருக்கிறது. கேட்பதற்கு முன் நாலு விஷயத்தைத் தயாராக வைத்துக்கொள்வது நல்லது. என்ன நெல் ரகம், நட்டு எத்தனை நாள், கடைசியாக எப்போது எவ்வளவு யூரியா போட்டது, வயலில் இப்போது தண்ணீர் எவ்வளவு நிற்கிறது. அதோடு, வயலில் இறங்கித் தூரை விலக்கிப் பார்த்தீர்களா என்று மறுமுனையில் கேட்பார்கள். பார்த்துவிட்டுப் பேசினால் பாதிக் குழப்பம் தீரும். மருந்தின் அளவைச் சொல்லும்போது, "எக்டேர் கணக்கு வேண்டாம், ஒரு டேங்குக்கு எவ்வளவு, ஒரு காணிக்கு எத்தனை டேங்க்?" என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தக் கணக்கை அதனிடமும் ஒரு முறை போட்டுப் பார்க்கச் சொல்லலாம்.